சோற்றுக் குப்பை எடுக்க டிராக்டர் ஒழுங்காக வருகிறதா? உங்கள் ஊர் அனுபவத்தையும் எழுதுங்கள்

எங்கள் ஊர் நகரசபை சமையலறைக் குப்பையைத் தனியாக எடுக்கத் தொடங்கி இரண்டு வருடம் ஆகப் போகிறது. செவ்வாயும் வெள்ளியும் உக்குகிற குப்பை. பொலித்தீன், போத்தல், கடதாசி எல்லாம் புதன்கிழமை. சோற்றுக்கும் மரக்கறித் தோலுக்கும் பச்சை வாளி என்று சொன்னார்கள். வாளியை நாங்களேதான் வாங்கினோம்.

எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே, 64 படி. காலையில் பனி மூட்டத்தில் மேலே என்ன வண்டி நிற்கிறது என்றே தெரியாது. பாண் ஓட்டோவுக்காவது பாட்டு இருக்கிறது, இந்த டிராக்டருக்கு ஒரு ஹோர்ன் மட்டும்தான். லொறிச் சத்தத்தை நம்பி வாளியோடு ஏறி, வெறுங்கையோடு இறங்கிய நாட்கள் பல. இரவே மேலே வைத்துவிட்டால் நாய் கவிழ்த்துவிடும். நாய் விட்டால் குரங்கு.

முதல் வருடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒருநாள் சரியான நேரத்துக்கு மேலே போய்விட்டேன். தேத்தண்ணிச் சக்கை, தேங்காய்ப்பூ, கோவா இலை என்று பார்த்துப் பார்த்துப் பிரித்த வாளியை வாங்கிய தம்பி, அடுத்த வீட்டுப் பொலித்தீன் மூட்டைக்கு மேலேயே கொட்டினார். ஏன் தம்பி இப்படி என்றேன். "கொட்டுற எடம் ஒண்ணுதானே அக்கா, நான் என்ன செய்ய?" என்றார். அந்த இடம் எனக்குத் தெரியும். ஆற்றுக்கு மேலே ஒரு சரிவு. 2017 புத்தாண்டன்று கொழும்பில் மீதொட்டமுல்ல குப்பை மேடு வீடுகள் மேல் சரிந்ததைப் பார்த்த பிறகும், மழை நாட்டில் சரிவில் கொட்டுகிறார்கள் என்றால் என்ன சொல்வது.

இப்போது கூட்டுப்பசளை போட ஒரு கூரைக் கொட்டகை கட்டியிருக்கிறார்கள். அதே தம்பிதான் வருகிறார், ஆனால் ஆளே மாறிவிட்டார். போன மாதம் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் வாளிக்குள் ஒரு பால்மா பைக்கற் கிடந்தது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அக்காவுக்குக் கோபம், எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். ஆனால் அவர் லீவு போட்டால் வேறொருவர் வந்து பழையபடி எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுகிறார். எங்கள் ஊரில் இந்தச் சேவை என்பது அந்த ஒரு ஆள்தான் என்று எனக்குப் படுகிறது.

கொட்டகைப் பசளை ஒரு மூடை வாங்கினேன். கறுப்பாக, நல்ல மண்வாசனை. நடுவில் டொஃபி உறைகளும் ஒரு கண்ணாடித் துண்டும். 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தியபோது பசளைக்கு எப்படி அலைந்தோம்! அன்று இது கிடைத்திருந்தால் கண்ணாடியைப் பொறுக்கிவிட்டு வாங்கியிருப்போம்.

ஆடி மழையில் இரண்டு கிழமை வண்டியே வரவில்லை. போன் பண்ணினால் டிராக்டர் கராஜில் என்றார்கள். அந்த வாளியின் நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது.

*

அக்கா, நுவரெலியாப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீதிக்கு வண்டி வராது, வீட்டிலேயே ஒரு பசளைத் தொட்டி வைத்திருக்கிறோம். இங்கே 1,868 மீற்றர் உயரம், குளிரில் எதுவும் லேசில் உக்காது. மூன்று மாதம் கழித்துத் திறந்தால் லீக்ஸ் இலை போட்டபடியே இருந்தது. தண்ணீர் கூடிப்போனதும் காற்றுப் போகாததும்தான் காரணம். காய்ந்த இலையும் கொஞ்சம் மாட்டுச் சாணமும் கலந்து, கிழமைக்கு ஒருதரம் கிளறிவிட்டேன். உள்ளே கை வைத்தால் சூடு தெரிய ஆரம்பித்தது. அப்புறமும் ஆறு மாதம் ஆனது.

*

டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். மிச்சச் சோறு, கழனி எல்லாம் இரவு ஒன்பது மணிக்குப் பன்றி வளர்க்கிறவர் வந்து கொண்டுபோய்விடுவார். ஒருநாளும் தவறியதில்லை. பல்குத்தி, டிசு போடக்கூடாது என்பது மட்டும்தான் அவர் சட்டம்.

*

உங்களுக்கு வண்டி பிந்துகிறது என்ற கவலை. எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வண்டியே கிடையாது. டவுனிலிருந்து நடந்தே வந்துவிடலாம், ஆனால் கடைசிக் கடையோடு டிராக்டர் திரும்பிவிடும். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டப்படி தோட்டக் குடியிருப்புக்குச் சபைப் பணத்தைச் செலவழிக்கத் தடை இருந்தது. 2018இல் திருத்திவிட்டார்கள். சட்டம் மாறிய செய்தி டிராக்டருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை போல.

உண்மையில் எங்களிடம் சோற்றுக் குப்பை பெரிதாக இல்லை. மிச்சம் கோழிக்கு, கழனி மாட்டுக்கு, தோல் எல்லாம் மரக்கறிப் பாத்திக்கு. கானை அடைப்பது பிள்ளைகளின் பிஸ்கட் உறையும் பம்பஸும்தான். மழை பெய்தால் அது நாங்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். எங்களுக்கு உங்கள் புதன்கிழமை வண்டியை மட்டும் அனுப்பினால் போதும்.

*

லயத்து அண்ணே, நீங்கள் எழுதியதை அந்தத் தம்பியிடம் போனிலேயே காட்டினேன். "ரோட்டு எனக்குத் தெரியும் அக்கா, டீசல் கணக்கு ஒபீஸ்ல" என்று மட்டும் சொன்னார். இந்த வெள்ளி அவர் லீவு. வாளி இன்னும் மேல் படியிலேயே இருக்கிறது, மூடிமேல் ஒரு கல்லையும் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.