தொட்டி கசிகிறது, கிணற்றில் எண்ணெய் இல்லை என்கிறார்களா? நிலத்தடி எரிபொருள் ஆய்வில் பார்த்தவை

பழைய எரிபொருள் நிலையம் ஒன்றில் தொட்டிகளைத் தோண்டி எடுப்பதற்கு முன் மண்ணையும் நிலத்தடி நீரையும் பரிசோதிக்கப் போயிருந்தோம். முந்தைய ஆய்வறிக்கையில் கண்காணிப்புக் கிணற்றில் (நிலத்தடி நீரைச் சோதிக்கக் குழாய் இறக்கிப் போட்ட கிணறு) எண்ணெய்ப் படலம் இல்லை, அதாவது பெட்ரோல் மிதக்கவில்லை என்று எழுதியிருந்தது, உரிமையாளரும் அதை வைத்து நிம்மதியாக இருந்தார். தொட்டியிலிருந்து பம்புக்குக் குழாய் போகும் தடத்தில் கையால் திருகி மண்ணைத் துளைத்தெடுக்கும் ஆகரை இறக்கினோம். கொஞ்ச ஆழத்திலேயே மண் சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்துக்கு மாறிவிட்டது, பெட்ரோல் நெடி குப்பென்று அடித்தது. அந்த மண்ணை ஜிப் பையில் பாதி போட்டு, கட்டிகளை விரலால் உடைத்து, ஆவி சேரட்டும் என்று சற்று நேரம் விட்டு, ஆவியின் அளவைக் காட்டும் பிஐடி கருவியின் முனையைப் பைக்குள் நுழைத்ததும் எண் மளமளவென்று ஏறியது. தொட்டியின் உடலைவிடக் குழாய் இணைப்புகளும், நிரப்பும் வாயருகே சிந்துவதும்தான் பல இடங்களில் மூல காரணம், அதனால் முதலில் அங்கேதான் துளைப்பேன்.

சரி, அப்புறம் ஏன் கிணற்றில் ஒன்றும் தெரியவில்லை? கிணறு போட்டவர்கள் துளையுள்ள குழாய்ப் பகுதி முழுவதையும் நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கியிருந்தார்கள். பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது, லிட்டருக்கு முக்கால் கிலோ அளவுதான் இருக்கும், ஆகவே நீர்மட்டத்தின் மேலேதான் தங்கும். துளையே இல்லாத குழாய்ச் சுவர் வழியாக அது எப்படி உள்ளே வரும்? நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் துளைகள் வருகிற மாதிரி பக்கத்திலேயே புதுக் கிணறு போட்டோம். எண்ணெயில் ஒரு மாதிரியும் தண்ணீரில் வேறு மாதிரியும் ஒலிக்கும் அளவுகோலை உள்ளே விட்டபோது எண்ணெய் இருப்பது உறுதியானது.

அதற்காகக் கிணற்றில் நிற்கும் எண்ணெய்ப் படலத்தின் தடிமன்தான் மண்ணிலும் இருக்கும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும், அதுவும் நுண்ணிய மண்ணில், கிணற்றில் கூடுதலாகவே காட்டும். மழைக்குப் பிறகு நீர்மட்டம் ஏறினால் மண் துகள்களுக்கிடையே ஒட்டிய பெட்ரோல் தண்ணீருக்கடியில் மாட்டிக்கொள்ளும், கிணறு சுத்தமாக இருப்பதுபோல் தோன்றும். மட்டம் இறங்கும் காலத்தில் அதே கிணற்றில் படலம் மறுபடி தலைகாட்டும். அதனால் ஒரே பருவத்தில் எடுத்த அளவை மட்டும் வைத்து கசிவு இல்லை என்று கையெழுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்களே.

* * *

அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் பற்றி மேலே சொன்னதால் அதில் என் அனுபவத்தையும் எழுதுகிறேன். எரிபொருள் தொட்டிகளிலிருந்து சற்றுத் தள்ளியிருந்த வீட்டுக் கிணறு, தண்ணீரில் வாசனையே இல்லை, அதனால் பயமில்லை என்று அந்த வீட்டம்மா சொன்னார். பெட்ரோலில் இருக்கும் நச்சுப்பொருளான பென்சீனுக்குக் குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அந்த அளவில் மூக்குக்கும் நாக்குக்கும் எதுவும் தெரியாது, லேப் சோதனை ஒன்றுதான் வழி.

மாதிரி எடுப்பதிலேயே பாதி விஷயம் கெட்டுப்போவதைப் பார்த்திருக்கிறேன். 40 மில்லி கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் விளிம்புக்கு மேல் குமிழ்போல நிற்கும்படி மெதுவாக ஊற்றி மூட வேண்டும், தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினால் ஒரு காற்றுக்குமிழிகூட ஓடக்கூடாது. ஓடினால் பென்சீன் அந்தக் காற்றுக்குப் போய்விடும், முடிவு குறைவாக வரும். அமிலம் சேர்த்த குப்பிகளை 4 டிகிரி குளிரில் வைத்து 14 நாளுக்குள் சோதித்துவிட வேண்டும். கூடவே லேபிலிருந்து வந்த சுத்த நீர்க் குப்பி ஒன்றும் திறக்காமலே போய்த் திரும்பும், வழியில் ஆவி ஏறியிருந்தால் அது காட்டிக்கொடுக்கும். அந்த வீட்டுக் கிணற்றில் பென்சீன் வரம்பைத் தாண்டியிருந்தது, அன்றைக்கே குடிக்க வேறு தண்ணீர் ஏற்பாடு செய்யச் சொன்னோம்.

* * *

நிலத்தடி நீரோட்டத்தின் திசையைக் கண்டுபிடிக்கக் குறைந்தது மூன்று கிணறுகள் வேண்டும், ஒரே கோட்டில் இருக்கக்கூடாது, இது இந்த வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். கசிவும் அந்தப் பக்கம்தான் போகும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் நாங்கள் பார்த்த இடத்தில் அந்தத் திசைக்கு நேர் பக்கவாட்டில் ஒரு கட்டடத்தின் நிலத்தடித் தளத்தில் பெட்ரோல் நெடி. சாக்கடைக் குழாய் பதித்த பள்ளத்தை மணல் போட்டு மூடியிருந்தார்கள், சுற்றிலும் களிமண், ஆவிக்கு அந்தப் பள்ளமே ஓடுபாதையாகிவிட்டது. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும் என்பதால் ஆட்களை வெளியே அனுப்பி, வாயு அளந்து, காற்றோட்டம் கொடுத்த பிறகுதான் மற்ற வேலை. இப்போதெல்லாம் நிலத்தடிக் குழாய் வரைபடத்தைக் கையில் வாங்காமல் துளையிடும் இடத்தைக் குறிப்பதில்லை.