சாதுவாக இருந்த ஆண் பூனை திடீரென்று பாய்ந்து கடிக்கிறது, என்ன செய்வது?

கேள்வி: தாழ்வாரம்

ஆண் பூனை, 6 வயது, கருத்தடை செய்தது, 5 கிலோ. வெளியே விடுவதில்லை. கூடவே 4 வயதில் ஒரு பெண் பூனை. இதுவரை இரண்டும் ஒரே மெத்தையில் சுருண்டு தூங்கும்.

முந்தாநாள் சாயங்காலம் பால்கனிக் கண்ணாடிக் கதவருகே ஆண் பூனை உட்கார்ந்திருந்தது. அம்மா பக்கத்தில் நடந்துபோனார். அதைத் தொடவில்லை, மிதிக்கவும் இல்லை. சட்டென்று கணுக்காலைக் கட்டிப்பிடித்து, பின்னங்கால்களால் உதைத்துக்கொண்டே கடித்துவிட்டது. நாலு பல் தடம், நல்ல ரத்தம். சத்தம் கேட்டு வந்த பெண் பூனையையும் துரத்தியது. துடைப்பத்தைக் காட்டி விரட்டினோம். அன்றிலிருந்து பெண் பூனையைப் பார்த்தாலே உறுமல். அம்மா ஹாலுக்குள் வந்தால் வால் பருத்து, காது மடங்கிவிடுகிறது. சாப்பாடு வழக்கம்போல. அம்மாவுக்குக் காலில் லேசாக வீக்கம், களிம்பு போட்டிருக்கிறோம்.

பூனையைக் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார்கள். எனக்கு மனசில்லை. எதிலிருந்து தொடங்குவது?


பதில் 1: மருந்துப்பெட்டி

பூனை அப்புறம். முதலில் அம்மாவை இன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

பூனைப் பல் ஊசி மாதிரி. தோலில் சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும். மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ள, பூனை வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா கிருமி உள்ளேயே பெருகும். களிம்பு அவ்வளவு ஆழத்துக்குப் போகாது. கணுக்கால், விரல் மூட்டு போன்ற இடங்களில் எலும்பும் மூட்டும் தோலுக்கு வெகு அருகில் இருப்பதால் கிருமி அங்கே எட்டிவிடும் ஆபத்து அதிகம். சிவப்பு பரவுவது, தொட்டால் சுடுவது, காலை ஊன்ற முடியாத வலி, காய்ச்சல், இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. சர்க்கரை நோய், பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டார் என்பதையும்.

ரேபிஸ் இருக்கும் பகுதி என்றால், வீட்டுப் பூனைதானே என்று விட முடியாது. ரத்தம் வந்த கடிக்குத் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (வைரஸை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் புரதம்) தேவைப்படலாம். பூனையின் தடுப்பூசிச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். கடித்த நாளிலிருந்து 10 நாள் பூனை நல்லபடியாக இருந்தால், கடித்தபோது அதன் எச்சிலில் ரேபிஸ் வைரஸ் இல்லை என்று அர்த்தம். ஆனால் அந்த 10 நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

இனி ஒருமுறை கடி பட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம், கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். பிறகு போவிடோன் அயோடின் கிருமிநாசினி. கட்டு இறுக்கக் கூடாது. பூனை கவ்வியபடியே இருந்தால் காலை வெடுக்கென்று இழுக்காதீர்கள், தசை கிழியும். அசையாமல் நின்று, காலை அதன் வாய்ப்பக்கமாகவே லேசாகத் தள்ளினால் பிடி தளரும்.


பதில் 2: வால்நுனி

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ‘பால்கனிக் கண்ணாடிக் கதவருகே’. அந்த நேரத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது?

வெளியே அன்னியப் பூனையைப் பார்த்து உள்ளே இருக்கும் பூனைக்கு ரத்தம் கொதிக்கும். எட்டிப் பிடிக்கவும் முடியாது, விலகிப் போகவும் மனம் வராது. அந்த வினாடியில் பக்கத்தில் எது அசைகிறதோ அதன்மேல் பாயும். எய்தவன் வெளியே, அம்பு தைத்தது உங்கள் அம்மாமேல். மனிதர்மேல் காரணமே இல்லாமல் பாய்ந்தது என்று சொல்லப்படும் பல சம்பவங்களில் காரணம் ஜன்னலுக்கு வெளியே இருந்திருக்கும், நாம் வந்து பார்க்கும்போது அது போயிருக்கும்.

இதில் பலரும் ஏமாறுவது நேரக்கணக்கில்தான். பூனையின் கொதிப்பு பத்து நிமிடத்தில் அடங்குவதில்லை. பல மணி நேரம், சில பூனைகளுக்கு ஓரிரு நாளும் ஆகும். அதற்குள் கொஞ்சவோ சமாதானம் செய்யவோ போனால் இரண்டாம் கடி. துடைப்பம் காட்டியது இன்னும் மோசம். ‘அம்மா, கூச்சல், பயம்’ மூன்றும் அதன் மூளையில் ஒரே முடிச்சாக விழுந்துவிட்டது. இப்போது அம்மாவைப் பார்த்தாலே வால் பருப்பது அதனால்தான். தண்ணீர் பீய்ச்சுவது, பிடரியைப் பிடித்துத் தூக்குவது எல்லாம் இதே கணக்கில் சேரும்.

இன்றே ஆண் பூனையைத் தனி அறையில் விடுங்கள். கையால் தூக்க வேண்டாம். அறைக் கதவைத் திறந்து வைத்து, உள்ளே சாப்பாட்டை வைத்து, ஆள்கள் விலகி நின்றால் தானே போகும். போகவில்லை என்றால் பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து, இடுப்பு உயரச் சுவர் மாதிரி முன்னே பிடித்துக்கொண்டு மெல்ல நகருங்கள். அட்டைக்குப் பின்னால் உங்கள் கால் தெரியாது, அதற்குப் பாய இலக்கும் இருக்காது. அறையில் திரை இழுத்து, வெளிச்சம் குறைத்து, தண்ணீர், லிட்டர் தட்டு (பூனை மலம், மூத்திரம் போகும் மணல் தட்டு), சாப்பாட்டுக் கிண்ணம் (அந்தத் தட்டிலிருந்து தள்ளி), ஓட்டை போட்ட ஒரு பெட்டி, ஏறி உட்கார உயரமான ஓர் இடம். இது தண்டனை இல்லை, ஓய்வு.

சாப்பாடு வைக்க ஒருவரே போகட்டும். நேருக்கு நேர் முறைக்காமல், பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள். அடங்கிவிட்டதா என்று எப்படித் தெரியும்? நீங்கள் இருக்கும்போதே சாப்பிடும், உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும், கதவு விளிம்பில் கன்னத்தைத் தேய்க்கும், கண்ணை மெல்ல மூடித் திறக்கும். இவை ஒரு முழுநாள் தொடர்ந்து தெரிந்தால்தான் அடுத்த படி. கண் பாப்பா நல்ல வெளிச்சத்திலும் கறுத்து விரிந்தே இருந்தால், காது பக்கவாட்டில் படுத்திருந்தால், வால் நுனி தரையைத் தட்டிக்கொண்டிருந்தால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.


பதில் 3: நாடித்துடிப்பு

வால்நுனி சொல்வது ஏறக்குறைய சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் உடம்பைப் பார்க்காமல் மனசைக் குற்றம் சொல்ல வேண்டாம். சாதுவான பூனை திடீரென்று மாறினால் வலி இருக்கலாம் என்றே தொடங்க வேண்டும். ‘சாப்பாடு வழக்கம்போல’ என்பது எதற்கும் உத்தரவாதம் இல்லை. ஈறு ஓரத்தில் பல் அரித்துக் குழி விழுந்த பூனைகூடச் சாப்பிடும். மெல்லாமல் விழுங்கும், தலையை ஒருபக்கம் சாய்த்துச் சாப்பிடும், உருண்டையை வாயிலிருந்து நழுவவிடும். மூட்டுவலி என்றால் ஒரே தாவலில் ஏறிய இடத்துக்கு இரண்டு தாவலில் ஏறும், இடுப்புப் பக்கம் முடி சிக்குப் பிடிக்கும். பெண் பூனையோடு கட்டிப்புரண்டிருந்தால் கடிபட்ட இடத்தில் இரண்டு முதல் நாலு நாளில் சீழ்க்கட்டி வரலாம், முடிக்குள் தேடுங்கள்.

அவசரமாகப் பார்க்க வேண்டியது மூத்திரம். ஆண் பூனையின் மூத்திரக் குழாய் குறுகலானது. தட்டில் அடிக்கடி உட்கார்ந்து முக்கி, மூத்திரத்தில் நனைந்து இறுகிய மணல் காசு அளவுக் கட்டிகளாக மட்டும் இருந்தாலோ எதுவுமே இல்லாவிட்டாலோ அடைப்பாக இருக்கலாம். அது ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும். இரவானாலும் கிளம்புங்கள். சரியாகப் போகும் பூனையின் தட்டில் ஒரு நாளில் இரண்டு முதல் நாலு வரை, முட்டை அளவுக் கட்டிகள் இருக்கும்.

கால்நடை மருத்துவரிடம் பல், மூட்டு, வயிறு பரிசோதனை, ரத்தம், மூத்திரம், ரத்த அழுத்தம் எல்லாம் கேளுங்கள். அழுத்தத்தில் மேல் எண் 160-ஐத் தாண்டினால் கவனம், 180 என்றால் கண்ணும் மூளையும் ஆபத்தில். தைராய்டு மிகைப்பு பெரும்பாலும் 10 வயதுக்கு மேல்தான், இந்தப் பூனைக்கு அது கடைசிச் சந்தேகம். வலி என்று நினைத்து நீங்களாகப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது, ஒரு 500 மில்லிகிராம் மாத்திரையே கொல்லும்.

கூண்டில் ஏற்றுவதே போராட்டம் என்றால், மருத்துவரிடம் முன்கூட்டியே தொலைபேசியில் காபாபென்டின் என்ற பதற்றம் தணிக்கும் மருந்தைப் பற்றிக் கேளுங்கள். 5 கிலோ பூனைக்குப் பெரும்பாலும் 100 மில்லிகிராம், கிளம்ப 2–3 மணி நேரம் முன்பு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு குறையும், அதை அவர்தான் சொல்ல வேண்டும்.


தாழ்வாரம்

அம்மாவுக்கு மாத்திரையும் ஊசியும் தொடங்கியாயிற்று. தட்டில் நேற்று மூன்று கட்டி, நல்ல அளவு. மருத்துவரிடம் நாளைக்கு. நீங்கள் சொன்னபிறகு பால்கனியைப் பார்த்தேன். கைப்பிடிக் கம்பியில் முடி ஒட்டியிருக்கிறது, கதவுக்கு வெளியே கீழ்மூலையில் மூத்திரம் பீய்ச்சிய கறையும் வாடையும். அந்நியப் பூனைதான். இனி இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?


பதில் 4: மீசைமுடி

முதலில் கண்ணாடி. தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்துக்குப் பனிக்கண்ணாடி ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பக்கத்தில் பூனை ஏறும் மேசை இருந்தால் மேசையை நகர்த்துங்கள், இல்லாவிட்டால் அங்கேயும் ஸ்டிக்கர். கண்ணாடியில் தண்ணீரோடு இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து தெளித்துவிட்டு ஒட்டினால் குமிழி விழாது. உருவம் தெரியாது, வெளிச்சம் வரும்.

பிறகு வாடை. பிளீச்சிங், அம்மோனியா கலந்த திரவம் எதுவும் வேண்டாம். அம்மோனியா வாடை பூனைக்கு மூத்திரத்தை நினைவூட்டும், திரும்ப அங்கேயே அடிக்கும். என்சைம் உள்ள துணி சோப்புத்தூள் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கறையை நனைத்து, 10 நிமிடம் விட்டு, அலசி, காயவிட்டு, கடைசியில் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடையுங்கள். உள்பக்கக் கதவுச் சட்டத்தையும் மோந்து பாருங்கள், இவனும் பதிலுக்கு அடித்திருக்கலாம்.

சேர்ப்பதை வாசனையில் தொடங்குங்கள். பெண் பூனையின் கன்னத்தில் தேய்த்த துணியை ஆண் பூனையின் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். சீறினால் ஒரு மீட்டர் தள்ளி வைத்து, நாளுக்கு நாள் அருகே கொண்டுவாருங்கள். அறைகளையும் மாற்றி மாற்றி விடலாம், ஆனால் சந்திக்கக் கூடாது. அடுத்து, மூடிய கதவின் இரண்டு பக்கமும் சாப்பாடு. கதவிலிருந்து 2 மீட்டரில் தொடங்கி, இரண்டும் நிம்மதியாகச் சாப்பிட்டால் மட்டும் வேளைக்கு 20–30 செ.மீ. நெருக்கம். கதவை ஒட்டிச் சாப்பிடும் நிலை வந்ததும், இரண்டு பக்கமும் ஆப்பு வைத்து 3 செ.மீ. திறவுங்கள். ஆப்பு ஒருபக்கம் மட்டும் இருந்தால் மறுபக்கத்திலிருந்து தலையை முட்டித் திறந்துவிடும், பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அப்புறம் ஒரே அறையில் 5 நிமிடம், ஆளுக்கு ஒரு குச்சி பொம்மை. ஒன்று மற்றொன்றை இமைக்காமல் முறைத்தால், சத்தம் போடாமல் நடுவில் அட்டையை இறக்கி அன்றைய சந்திப்பை முடியுங்கள். சண்டைவரை விட்டுப்பார்த்தால் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

லிட்டர் தட்டு மூன்று, மூன்று வேறு இடங்களில். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் பூனைக்கு அது ஒரே தட்டு. பூனையை அமைதிப்படுத்தும் வாசனைப்பொருளைப் பரப்பும் ஃபெலிவே மாதிரி ஃபெரோமோன் கருவியைச் செருகி வைப்பதில் கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பி மேலே சொன்னதைக் குறைத்துவிடாதீர்கள்.


பதில் 5: நாடித்துடிப்பு

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாசனை, கதவு எல்லாம் ஒழுங்காகச் செய்தும் ஒரு மாதத்தில் நகரவில்லை என்றால் மருத்துவர் ஃப்ளூஆக்ஸெட்டின் என்ற மனப்பதற்ற மருந்தை யோசிக்கலாம். பலன் தெரிய 4–6 வாரம் ஆகும், நடுவில் சட்டென்று நிறுத்தக் கூடாது. அதற்கு முன்பு மருந்தைக் கேட்டு அவசரப்பட வேண்டாம்.

அம்மாவோடு பூனையைப் பழக்குவதற்கும் இதே படிப்படியான முறைதான். காயம் ஆறும்வரை அந்த அறைக்கே போக வேண்டாம். பிறகு தடித்த பூட்ஸோடு, கதவருகே நாற்காலியில் உட்கார்ந்து, அதற்குப் பிடித்த தீனியைத் தன்னிடமிருந்து தள்ளி வீசட்டும். கூப்பிடவோ கை நீட்டவோ கூடாது. நாளுக்கு 5 நிமிடம் போதும். கிட்டே வருவதா வேண்டாமா என்பதைப் பூனை முடிவுசெய்யட்டும்.