ஸ்ட்ராட் வயரிங்: 2, 4-ஆம் நிலைகளில் ஒலி மெலிகிறது, வால்யூமும் கடைசியில்தான் குறைகிறது

கம்பிக்குரல்:
வணக்கம். தனித்தனியாகப் பாகங்கள் வாங்கி ஒரு ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை எலெக்ட்ரிக் கிட்டார் பூட்டியிருக்கிறேன். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் மூன்று, மூன்றும் சிங்கிள் காயில் (ஒற்றைக் கம்பிச்சுருள்) வகை. நெக்கும் (கழுத்துப் பக்கம்) பிரிட்ஜும் (கம்பி மாட்டும் பக்கம்) ஒரே செட், அல்நிக்கோ என்ற உலோகக்கலவைக் காந்தம். மிடில் மட்டும் வேறு கம்பெனி. அடியில் கறுப்புப் பட்டைக் காந்தம் ஒட்டியது. ஐந்து நிலை சுவிட்ச், பி250கே (250 கிலோ ஓம்) கண்ட்ரோல் மூன்று (வால்யூம் ஒன்று, டோன் இரண்டு), 223 என்று போட்ட கண்டன்சர். சால்ட்ரிங் அயர்ன் 25 வாட்.

வால்யூமை முழுக்கத் திறந்து, ஜாக்கில் மல்டிமீட்டர் வைத்து எடுத்த அளவு, பிரிட்ஜிலிருந்து வரிசையாக: 6.2, 2.8, 5.1, 2.7, 5.7 கிலோ ஓம்.

சிக்கல்கள்:
1) இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும் 2, 4-ஆம் நிலைகளில் ஒலி மூக்கடைத்த மாதிரி மெலிந்து போகிறது, பாஸ் அறவே இல்லை. ஆனால் அந்த இரண்டு நிலைகளிலும் ஹம் (பின்னணி ரீங்காரம்) மற்றவற்றைவிடக் குறைவு.
2) வால்யூம் 10-லிருந்து 3 வரை திருப்பினாலும் பெரிய மாற்றம் இல்லை. அதற்குக் கீழே சட்டென்று விழுந்துவிடுகிறது.
3) எல்லா நிலையிலும் "ஜ்ஜ்ஜ்" என்று ஓர் இரைச்சல். கம்பியைக் கையால் தொட்டாலும் அடங்கவில்லை.

எங்கே தவறு?

ஈயப்பொட்டு:
அளவுகள் சரியாகவே இருக்கின்றன. கூடவே அளக்கப்பட்ட வால்யூம் கண்ட்ரோலின் 250-ஐ விலக்கிப் பார்த்தால் பிரிட்ஜ் 6.4, மிடில் 5.2. இந்த இரண்டும் பக்கவாட்டில் (பாரலலாக) சேர்ந்தால் 2.87 வரும், வால்யூமின் 250-ஐயும் சேர்த்தால் 2.84. ஆக, காயில் எதுவும் அறுந்துபோகவில்லை, சுவிட்ச் வயரிங்கும் சரி. ஆனால் ஓம் அளவு பேஸை (phase), அதாவது அலை ஏறி இறங்கும் திசையை, காட்டாது. மிடில் பிக்கப் மற்ற இரண்டுக்கும் எதிர் பேஸில் இருக்கிறது, அதனால்தான் 2, 4-ல் பாஸ் ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது. மிடிலின் இரண்டு வயரையும் இடம் மாற்றிப் பற்றவையுங்கள், சரியாகிவிடும்.

வால்யூமுக்குக் காரணம் அந்த "பி". பி என்றால் லீனியர், ஏ என்றால் ஆடியோ டேப்பர். லீனியரில் பாதி திருப்பினால் வோல்டேஜ் பாதியாகும், அது வெறும் 6 டெசிபெல். காதுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆடியோ டேப்பரில் நடுவில் 10-15 சதவீதம்தான் மிஞ்சும், அதனால் காதுக்குச் சீராகக் குறைவதுபோல் கேட்கும். வால்யூமுக்கு ஒரு ஏ250கே வாங்கி மாற்றுங்கள். டோன் இரண்டும் இப்போதைக்கு இருக்கட்டும். வாங்கும்போது கண்ட்ரோலின் திருகுக் கழுத்தின் அளவைப் பாருங்கள்: 16 மி.மீ. மினி கண்ட்ரோலுக்கு 7 மி.மீ. துளை, சிடிஎஸ் கம்பெனியின் கண்ட்ரோலுக்கு 9.5 மி.மீ. துளை வேண்டும். கடையிலேயே மீட்டர் வைத்து அளந்து வாங்குவது நல்லது. 20 சதவீதம் கூடக்குறைய வருவது சகஜம்.

மரத்தூள்:
வயரை மாற்றுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். 2, 4-ல் ஹம் குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் விடை இருக்கிறது.

ஒரு பிக்கப்பில் இரண்டு திசைகள் உண்டு: காயில் சுற்றிய திசை, காந்தத்தின் திசை. ஹம் வருவதற்குக் காந்தம் தேவையில்லை. காயில் சுற்று மட்டும்தான் அதைத் தீர்மானிக்கிறது. கம்பியின் ஒலிக்கோ இரண்டும் சேர்ந்துதான் கணக்கு. ஆகவே:

ஒலி மெலிந்து, ஹமும் அப்படியே இருந்தால், காந்தம் எதிர்த்திசை, காயில் ஒரே திசை. வயரை மாற்றினால் போதும். ஒலியும் நிறையும், ஹமும் போகும்.

ஒலி மெலிந்து, ஹமும் குறைந்தால், காயில் ஏற்கெனவே எதிர்த்திசையில் இருக்கிறது, காந்தம்தான் ஒரே திசை. இங்கே வயரை மாற்றினால் ஒலி நிறையும், ஆனால் ஹம் திரும்ப வந்துவிடும். மாற்ற வேண்டியது காந்தத்தை.

உங்களுடையது இரண்டாவது வகை என்று நினைக்கிறேன். உறுதிசெய்ய: மிடிலையும் நெக்கையும் கழற்றி, முகத்தோடு முகம் காட்டி மெல்ல நெருக்குங்கள். தள்ளினால் காந்தங்கள் ஒரே திசை, இழுத்தால் எதிர்த்திசை.

ஹம் அடங்காமல் இருப்பது பழுதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று பிக்கப்பும் ஒரே மாதிரி சுற்றியவைதான். சுவிட்சும் மூன்று நிலைதான். வாசிப்பவர்கள் சுவிட்சை இரண்டு நிலைக்கு நடுவே நிறுத்தித்தான் இரண்டு பிக்கப் சேர்ந்த ஒலியை எடுத்தார்கள். ஐந்து நிலை சுவிட்ச் கம்பெனியிலிருந்தே வந்தது 1977-ல். ஆனால் உங்களுக்கு ஹம்மை அடக்கும் வாய்ப்பு கையிலேயே இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்?

ஈயப்பொட்டு:
சரியாகச் சொன்னீர்கள், ஹம் பற்றிய வரியை நான் கவனிக்கவில்லை. வயரை மாற்றச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

கம்பிக்குரல்:
பார்த்துவிட்டேன், தள்ளுகிறது. மிடிலில் காந்தம் ஒற்றைப் பட்டை, ஆறு இரும்புத் துண்டுகளின் அடியில் ஒட்டியிருக்கிறது. எப்படித் திருப்புவது?

மரத்தூள்:
ஒற்றைப் பட்டை என்றால் எளிது. முதலில் மேல்பக்கம் தெரியும் முகத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். இல்லாவிட்டால் கழற்றிய பிறகு எது மேல், எது கீழ் என்று தெரியாது. ஹேர் டிரையரால் அரை நிமிடம் சூடு காட்டினால் பசை இளகும். பழைய ஏடிஎம் கார்டு மாதிரி பிளாஸ்டிக் துண்டை ஓரத்தில் நுழைத்து மெதுவாக நெம்புங்கள். கத்தி, ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். காயில் வயர் 0.06 மி.மீ. கனம்தான், அது அடித்தட்டில் பற்றவைத்த இடம் காந்தத்துக்கு அருகிலேயே இருக்கும். நுனி பட்டால் அறுந்துவிடும், அதைத் திரும்பக் கோப்பது பெரும்பாடு. செராமிக் காந்தம் பீங்கான் மாதிரி, வளைத்தால் முறியும்.

பிறகு தோசையைப் புரட்டுவது போல மேல்முகம் கீழாகப் புரட்ட வேண்டும். மேசைமேல் வைத்தபடியே முனைகளை இடம்வலமாக மாற்றினால் எதுவும் மாறாது. பலர் தடுமாறுவது இங்கேதான். ஒட்டுமுன் நெக் பிக்கப்பை மறுபடி முகத்துக்கு முகம் காட்டுங்கள், இப்போது இழுக்க வேண்டும். அதன்பின் ஓரங்களில் மட்டும் இரண்டு சொட்டுப் பசை.

மற்ற இரண்டிலும் இதைச் செய்யப் போகாதீர்கள். அல்நிக்கோ பிக்கப்பில் ஆறு தண்டுகளே காந்தம். பலவற்றில் காயில் அந்தத் தண்டுகள்மேலேயே நேராகச் சுற்றியிருக்கும். தட்டி வெளியே எடுத்தால் காயிலும் கூடவே போய்விடும்.

மூணாவதுபின்:
மூன்றாவது சிக்கலுக்கு வருகிறேன். கம்பியைத் தொட்டும் இரைச்சல் அடங்கவில்லை என்றால் கம்பி கிரவுண்டில் சேரவில்லை. ஜாக்கின் வெளிவளையத்துக்கும் ஏதாவது ஒரு கம்பிக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் பின்பக்கம் ஸ்பிரிங் மாட்டும் தகட்டில் உள்ள பத்தவைப்புதான் குற்றவாளி. அது கனமான இரும்பு. 25 வாட் அயர்னின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். ஈயம் மேலே உருண்டையாக உட்கார்ந்திருக்கும், உள்ளே பிடித்திருக்காது. 60 வாட் அயர்ன், அகல நுனி, உப்புத்தாளால் தேய்த்த பளபளப்பான இடம் இருந்தால் பிடிக்கும். அயர்ன் இல்லாவிட்டால் வயர் நுனியில் ஒரு வளைய லக் கோத்து, தகட்டைப் பிடிக்கும் திருகின் தலைக்கு அடியில் மாட்டிவிடுங்கள். ஸ்பிரிங்குகள் தகட்டை இழுத்துத் திருகுத்தலையோடு அழுத்தி வைத்திருப்பதால் தொடுப்பு நன்றாகவே இருக்கும்.

கண்ட்ரோல் முதுகிலும் இதே கதைதான்: தேய்த்துவிட்டு, பெரிய நுனியால் மூன்று, நான்கு நொடிக்குள் முடிக்க வேண்டும். சின்ன அயர்னை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் உள்ளே கார்பன் பாதை கெட்டு, திருப்பும்போதெல்லாம் கரகரக்கும்.

அடுத்து, பிக்கப்பும் கண்ட்ரோலும் உட்காரும் குழிக்குள் காப்பர் டேப். ஒவ்வொரு துண்டும் அடுத்ததன்மேல் 1 செ.மீ. ஏறட்டும். டேப்பின் பசை மின்சாரம் கடத்தாத ரகமாக இருந்தால், சேரும் இடங்களில் ஒரு பொட்டு ஈயம் வைக்க வேண்டும். பிக்கார்டின் (குழியை மூடும் முன்தகட்டின்) பின்பக்கமும் ஒட்டி, திருகு இறங்கும் ஓர் இடத்தில் குழியின் டேப் உதட்டுக்கு மேலே மடிந்து வந்து இதைத் தொடும்படி செய்யுங்கள். அடுப்படி அலுமினியத் தாள் வேண்டாம், அதில் ஈயம் பிடிக்காது. டேப் ஒட்டிய பிறகு ஒலியே வரவில்லை என்றால் பதற வேண்டாம். அநேகமாக ஜாக்கின் நுனித் தகடு டேப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஜாக் குழியில் டேப்பின் மேல் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.

காப்பர் டேப் அடக்குவது "ஜ்ஜ்" இரைச்சலைத்தான். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து காந்தப்புலமாக வரும் 50 ஹெர்ட்ஸ் ஹம் அதற்குள் புகுந்து வந்துவிடும். அதற்கு மருந்து மரத்தூள் சொன்ன எதிர்ச்சுற்றுதான்.

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. கம்பிகள் ஆம்ப்பின் எர்த்தோடு சேரப்போகின்றன. ஆம்ப் மாட்டும் பாயின்ட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். மூன்றாவது பின்னை வெட்டுவதோ, இரண்டு பின் அடாப்டர் போடுவதோ கூடவே கூடாது. மைக்கும் பயன்படுத்துவதாக இருந்தால் வாசிக்குமுன் கம்பிக்கும் மைக் வலைக்கும் நடுவே மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். ஓரிரு வோல்ட் இருக்கலாம். நூறு, இருநூறு என்று காட்டினால் இரண்டையும் சேர்த்துத் தொடக்கூடாது. ஷாக் அடிக்கிறது என்று கம்பியின் கிரவுண்ட் வயரைக் கழற்றிவிடச் சொல்பவர்கள் உண்டு. கோளாறு வீட்டு எர்த்தில் இருக்கிறது, அங்கேதான் சரிசெய்ய வேண்டும்.

லேப்டாப்பில் சொருகிக் கேட்பவரானால், சார்ஜரை உருவிவிட்டு ஒருமுறை கேளுங்கள். இரண்டு பின் சார்ஜரால் வரும் இரைச்சல் கிட்டாரிலிருந்து வருவதுபோலவே இருக்கும்.

கம்பிக்குரல்:
மூவருக்கும் நன்றி. தகட்டின் ஈயம் விரலால் தள்ளியதுமே கழன்று வந்தது. வளைய லக் போட்டேன், இப்போது கம்பியிலிருந்து ஜாக்குக்கு 0.4 ஓம். காந்தம் புரட்டியாயிற்று, 2, 4-ல் பாஸ் வந்துவிட்டது, ஹம்மும் கிட்டத்தட்ட இல்லை. ஏ250கே மாட்டியதில் வால்யூம் சீராகக் குறைகிறது, ஆனால் 6-க்குக் கீழே போனால் ஒலி மங்குகிறது. இது கண்ட்ரோலின் குறையா?

ஈயப்பொட்டு:
குறையில்லை. வால்யூமைக் குறைக்கும்போது நடுவே ரெசிஸ்டன்ஸ் ஏறுகிறது. கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் அதோடு சேர்ந்து டிரெபிளை விழுங்குகிறது. மீட்டருக்குச் சுமார் 100 பிகோ ஃபாரட் என்றால் 6 மீட்டர் கேபிளுக்கு 600. வால்யூமில் சுவிட்சிலிருந்து வயர் வரும் காலுக்கும் நடுக்காலுக்கும் இடையே 102 என்று போட்ட ஒரு கண்டன்சரையும் 150 கே ரெசிஸ்டரையும் பக்கவாட்டில் சேர்த்துப் பற்றவையுங்கள். ரெசிஸ்டரின் நிறம் பழுப்பு, பச்சை, மஞ்சள். குறைத்தபோது ஒலி ரொம்பக் கூர்மையாகிவிட்டால் 102-ஐ எடுத்துவிட்டு 681 போடுங்கள். முதலில் முதலைக் கிளிப் மாட்டிக் கேட்டுப்பார்த்துவிட்டு, பிடித்த பிறகு ஈயம் வைத்தால் போதும்.