மூன்று மீட்டரில் எதிரி: வில், கிராஸ்போ அடி எந்த கேமில் எப்படி விழுகிறது?

எதிரி மூன்று மீட்டரில் நிற்கிறான். வில்லை முழுக்க இழுத்தாயிற்று. அம்பை விட்டால் என்ன ஆகிறது? அவரவர் கேமில் பார்த்த மோதலை எண்ணோடு எழுதுங்கள். மைன்கிராஃப்டில் இருந்து தொடங்குகிறேன், ஜாவா பதிப்பு.

முழு இழுப்புக்கு 1 நொடி. அம்பு நொடிக்கு 60 பிளாக் வேகத்தில் கிளம்பும். ஒரு பிளாக் 1 மீட்டர் என்பதால் நிஜ வில்லின் வேகத்தை ஒட்டியே வருகிறது, அழகான விஷயம். அடிப்படை டேமேஜ் 6, அதற்கு மேல் கிரிட்டிக்கல் (கூடுதல் அடி). ஜாம்பி நெருங்கியதும் பதறி அரை நொடியில் விட்டால் டேமேஜ் 3, கிரிட்டிக்கலும் கிடையாது. ஜாம்பிக்கு 20 ஹெல்த். கிட்டத்தில் தோற்பது தூரத்தால் இல்லை, இழுக்க நேரம் போதாததால்.

*

சரியாகச் சொன்னீர்கள். "கிட்டே போனால் டேமேஜ் இரட்டிப்பு" என்று வைக்கும் கேம்கள்தான் தப்பு செய்கின்றன. 160 பவுண்டு இழுவிசை உள்ள நெடுவில், 80 கிராம் அம்பு என்று வையுங்கள். நொடிக்கு 55 மீட்டரில் கிளம்பினால் ஆற்றல் 121 ஜூல். வேகம் 52 மீட்டராகக் குறைந்த பின்பும் 108 ஜூல் மிச்சம். சண்டை நடக்கும் தூரத்துக்குள் இழப்பு பத்தில் ஒரு பங்குதான்.

மிகக் கிட்டத்தில் நிலைமை கொஞ்சம் தலைகீழ் என்றுகூடச் சொல்லலாம். நாண் தள்ளும்போது அம்பு வில்தண்டைச் சுற்றி வளைந்து கிளம்பும். முதல் சில மீட்டருக்கு மீன் வால் மாதிரி ஆடிக்கொண்டே போகும். அப்போது பட்டால் முனை நேராக இறங்காது, ஆற்றலில் ஒரு பகுதி அம்பின் தண்டை வளைப்பதிலேயே போய்விடும். கிராஸ்போ (விசையை அழுத்திச் சுடும் குறுக்குவில்) கணை குட்டை, விறைப்பு. வில்தண்டைச் சுற்ற வேண்டியதும் இல்லை, அதனால் இந்தச் சிக்கல் அதற்குக் குறைவு.

*

ஸ்கைரிம் அனுபவம். 2012-இல் அதன் கூடுதல் பகுதியான டான்கார்ட் வந்தபோது கிராஸ்போவும் வந்தது. அடி பட்டால் எதிரி தடுமாற 50% வாய்ப்பு. கவசம் பூண்டவன் ஓடிவரும்போது இதை நம்பித்தான் எல்லாரும் சுடுகிறோம். கணக்குப் போட்டால் நிற்கவில்லை. 80 கிராம் கணை 55 மீட்டர் வேகத்தில் வந்தால் உந்தம் (நிறை × வேகம்) 4.4. கவசத்தோடு 100 கிலோ ஆளை அது தள்ளும் வேகம் நொடிக்கு 4.4 சென்டிமீட்டர். வலியில் தடுமாறலாம், தள்ளலில் தடுமாற மாட்டான்.

"1000 பவுண்டு கிராஸ்போ, ஆறு மடங்கு அடி" என்பதும் தவறான கணக்கு. ஆற்றல் என்பது இழுவிசை, இழுக்கும் நீளம் இரண்டும் சேர்ந்தது. நெடுவில்லில் நாண் 60 செ.மீ. நகரும், கனமான எஃகு கிராஸ்போவில் 15 செ.மீ. போல. சேமிக்கும் ஆற்றல் தோராயமாக 213 ஜூலுக்கு 333 ஜூல், ஒன்றரை மடங்கு. அதிலும் ஒரு பங்கை அந்தக் கனத்த எஃகுக் கையே தின்றுவிடும்.

*

பால்டர்ஸ் கேட் 3 கிட்டத்துச் சண்டையை வேறு வழியில் பிடிக்கிறது. எதிரி 1.5 மீட்டருக்குள் இருந்தால் தூர ஆயுதத்துக்கு டிஸ்அட்வான்டேஜ்: இரண்டு டி20 (இருபது பக்கப் பகடை) உருட்டிச் சிறியதை எடுக்க வேண்டும். 11 அல்லது அதற்கு மேல் தேவைப்படும் இடத்தில் 50% வாய்ப்பு 25% ஆகிவிடும். டேமேஜில் கை வைக்காமல் குறியில் கை வைக்கிறார்கள். வாளோடு ஒருவன் மேலே விழும்போது வில்லை இழுக்கவே இடம் இருக்காது, அதனால் இது நியாயமாகவே படுகிறது. ஆனால் முன்பே நாணேற்றிய கிராஸ்போவுக்கும் அதே தண்டனை கொடுத்திருக்க வேண்டாம். விசையை அழுத்தினால் போதுமே! இரண்டாவது கணைக்குத்தான் திண்டாட்டம். கைராட்டினம் சுற்றி நாணேற்றும் வகை என்றால் அந்த நேரத்தில் எதிரி இரண்டு முறை குத்திவிடுவான்.

*

ஒன்று விட்டுப்போனது. அம்பு கொல்வது வெட்டி ரத்தம் இழக்கச் செய்துதான், மோதும் ஆற்றலால் இல்லை. 9 மி.மீ. குண்டுக்கு ஏறத்தாழ 500 ஜூல், அம்புக்கு அதில் நாலில் ஒன்று. மானை நெஞ்சில் சரியாக அடித்த பிறகும் வில் வேட்டைக்காரர்கள் அரைமணி நேரம் காத்திருந்துதான் ரத்தத் தடம் பார்க்கப் போவார்கள். ஆகவே மோட் செய்பவர்கள் (கேமின் விதிகளைத் தாங்களே மாற்றுபவர்கள்) நான்கை மாற்றிப் பாருங்கள்: தூரத்துக்கு ஏற்ற டேமேஜ் குறைப்பை 30 மீட்டர் வரை பூஜ்யமாக்குங்கள். கவசமில்லாத உடம்பில் பட்டால் உடனடி டேமேஜைப் பாதியாக்கி, மீதியை 20 நொடி ரத்தக்கசிவாகக் கொடுங்கள். கனமான வில்லை முழு இழுப்பில் 2 நொடிக்கு மேல் பிடித்தால் குறி ஆடட்டும். நெஞ்சுத் தகட்டில் பட்ட அம்பு தெறிக்கட்டும். அக்குள், முகம், தொடை இவற்றில் மட்டும் இறங்கட்டும்.