மறுமொழி: ‘ரிசீவிங்’ – சரக்கேற்பா, சரக்கு வரவா? (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

அன்பர்களுக்கு வணக்கம்.

முப்பது மடல்களுக்குப் பிறகு, இந்த இழையைத் தொடங்கியவன் நான்தான் என்று நினைவூட்ட வேண்டியிருக்கிறது. கிடங்கு வேலைக்குப் போகும் பையன்களுக்குச் சேலத்தில் வகுப்பு எடுக்கிறேன். கையேட்டின் மூன்றாம் பாடம் ‘ரிசீவிங்’ (receiving), அதற்குத் தமிழில் தலைப்பு கேட்டேன். லாரி வந்து நிற்பதில் தொடங்கி மூட்டை அடுக்குக்குப் போகும் வரையான வேலை, அவ்வளவுதான். நாம் புறம்போக்கு நிலம் வரை போய்விட்டோம்.

பட்டினப்பாலையை எடுத்துக் கொடுத்த ஐயாவுக்கு நன்றி. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் பண்டம் மலையாகக் குவிந்து கிடக்க, சோழனின் ஆட்கள் ‘புலி பொறித்துப் புறம்போக்கி’ அனுப்புகிறார்கள். முத்திரை விழாமல் ஒரு பொதியும் நகராது. இன்றைய கேட் பாஸ் அதுதான். ஆனால் அங்கே வரும் ‘வந்தீண்டி’யை, அதாவது ‘வந்து குவிந்து’ என்பதை, பிடித்து ‘ஈண்டல்’ என்று செய்து தந்திருக்கிறீர்களே, அதை வகுப்பில் சொன்னால் ‘தீண்டலா சார்?’ என்பார்கள். ‘இறக்குமதி’யில் உள்ள மதியும் அதே பாட்டில் வரும் ‘மதி நிறைந்த மலிபண்டம்’ என்பதன் மதியும் ஒன்றே என்ற தங்கள் கருத்துக்கு இங்கே பதில் சொல்லப் போவதில்லை. தனி இழை தொடங்குங்கள், கட்டாயம் படிப்பேன்.

> வரவு + ஏற்பு = வரவேற்பு. சரக்கு வரவேற்பு என்றே வைக்கலாமே?

இலக்கணப்படி குற்றமில்லை. ‘வரவு’ முற்றியலுகரம்தான் என்றாலும் நன்னூல் ‘முற்றும் அற்று ஒரோவழி’ (உயிர் வந்தால் முற்றியலுகரமும் சில இடங்களில் கெடும்) என்று வழிவிட்டிருக்கிறது. லாரிக்குப் பன்னீர் தெளிக்கத்தான் ஆள் இல்லை.

> சரக்கேற்பு. சுருக்கம், தெளிவு. விவாதம் முடிந்தது.

முடியவில்லை. பெரும்பாலோர் இதற்குத்தான் கைதூக்கியிருக்கிறீர்கள் என்பதால் போன வாரம் பலகையில் எழுதிப் பார்த்தேன். ‘இது என்ன வேலை?’ என்றதும் முதலில் சிரிப்பு. சரக்கு என்ற சொல்லுக்கு அந்த வயதில் வேறு என்ன வரும்? அதை விடுங்கள். சிரிப்பு அடங்கியபின் பாதிப்பேர் சொன்ன பதில், ‘லாரியில் ஏற்றுவது’. பெற்றுக்கொள்ளும் ஏல் வேறு, மேலே தூக்கி வைக்கும் ஏற்று வேறு என்று நமக்குத் தெரியும். ‘ஏற்கும் வாசல்’, ‘ஏற்றும் வாசல்’ என்று இரண்டு கதவில் எழுதி ஒட்டிப் பாருங்கள். ஓர் எழுத்தில் சரக்கு வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

இருந்தாலும் ‘ஏற்பு’ என்பதைத் தூக்கிப் போட எனக்கு மனமில்லை. காரணம் என் பழைய வேலையில் நடந்தது. மாலை நேரத்தில் ஒரு ஜவ்வரிசி லோடு, 90 கிலோ மூட்டைகள். லோடுமேன்கள் இறக்க இறக்க, சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் ஐந்தைந்தாகக் கோடு போட்டு எண்ணினேன். எண்ணிக்கை சரி. டிரைவர் ‘ஆத்தூர் போகணும் சார், சீக்கிரம்’ என்று தாளை நீட்டினார், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் மூட்டையைக் குத்தி மாதிரி எடுக்கும் குத்தூசியைச் செருகினால் நான்கு மூட்டையில் மணி உதிரவில்லை. ஊசியின் பள்ளத்தில் கட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தது. தார்ப்பாய் ஒழுகியிருக்கிறது. அனுப்பியவரும் சரி, லாரிக்காரரும் சரி, என் கையெழுத்தைத்தான் காட்டினார்கள். ‘எண்ணிக்கை மட்டும் சரி, உள்ளே பார்க்கவில்லை’ என்று மேலே ஒரு வரி எழுதியிருந்தால் என் சம்பளம் தப்பித்திருக்கும்.

ஆக, இறங்குவது ஒன்று, கணக்கில் சேர்வது ஒன்று, பொறுப்பு நம் தலையில் விழுவது இன்னொன்று. ‘ரிசீவிங்’ மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறது. அந்தச் சாக்கை அப்படியே தமிழில் தைக்க வேண்டியதில்லை.

அதனால் தலைப்பு ‘சரக்கு வரவு’. புத்தகத்தில் பதிவது ‘வரவு வைத்தல்’, மண்டிக் குமாஸ்தா வாயில் இன்றும் புழங்குவதுதான். ஜி.ஆர்.என். (Goods Received Note, சரக்கு வந்ததற்குக் கிடங்கில் எழுதும் சீட்டு) என்பதற்கு ‘வரவுச் சீட்டு’. சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற அந்தக் கட்டத்துக்கு மட்டும் ‘ஏற்பு’. சரக்கோடு ஒட்டாமல் தனியாக நின்றால் ஏற்றுதலோடு குழம்பாது என்று நம்புகிறேன்.

யாழ்ப்பாணத்து நண்பரின் ‘பற்றுச்சீட்டு’ (நம் ரசீது) அழகான சொல். இங்கே பற்று என்றால் கடைக்கடன் நோட்டு நினைவுக்கு வந்துவிடும், மன்னிக்கவும். ஏற்காட்டு அண்ணன் ‘நிறுவை’ என்கிறார். அவர் தோட்டத்தில் சாயங்காலம் காப்பிப் பழத்தை எடை போட்டால் வரவு முடிந்தது. எங்கள் பையன்களுக்கு அட்டைப்பெட்டியும் வரும், எண்ணியே தீர வேண்டும். ‘லாரி’யைச் ‘சரக்குந்து’ என்று திருத்தச் சொன்னவருக்கு: டிரைவரை ஓட்டுநர் ஆக்கியிருக்கிறேன், இந்தப் பதிப்புக்கு அது போதும்.

சேலம் லீ பஜார்க் கணக்காளர் மட்டும் இன்னும் ஒப்பவில்லை. வரவு என்றால் பணம், சரக்கு வந்தால் பணம் போகத்தானே செய்கிறது என்கிறார். இருப்புப் பதிவேட்டிலும் வரவுக்கு ஒரு கட்டம் இருக்கிறதே என்றேன். அது பதிவேடு, இது பாடம் என்று பதில் வந்தது. ஐயா, உங்கள் எதிர்ப்பை வரவு வைத்துக்கொண்டேன்.

‘வரவுச் சீட்டு’ என்பதில் ‘ச்’ மிகுமா என்று இன்றிரவு யாரும் தொடங்க வேண்டாம். மெய்ப்பு போய்விட்டது.