'இயற்கைக் கொல்லி' எதைக் கொல்கிறது?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

வைரஸ் புகுந்த உயிரணுவையும் புற்றணுவையும் கொல்லும் நோயெதிர்ப்பு அணுவான 'நேச்சுரல் கில்லர் செல்'லுக்கு 'இயற்கைக் கொல்லி உயிரணு' என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறதே, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். புழக்கத்தை நானும் மதிக்கிறேன். ஆனாலும் இந்தச் சொல்லை ஏற்க மனம் வரவில்லை. பூச்சிக்கொல்லி பூச்சியைக் கொல்கிறது, களைக்கொல்லி களையைக் கொல்கிறது. அந்த வரிசையில் வைத்துப் படிப்பவருக்கு, இயற்கைக்கொல்லி இயற்கையைக் கொல்வதாகத்தான் படும். இல்லாவிட்டால் ரசாயனம் கலக்காத ஏதோ பூச்சிமருந்து என்று நினைப்பார்.

1975-இல் ஸ்டாக்ஹோமில் கீஸ்லிங், கிளைன், விக்செல் ஆகிய ஆய்வாளர்கள் பெயர் வைத்தபோது 'நேச்சுரல்' என்பதற்கு 'இயல்பாகவே' என்பதுதான் பொருள். புற்றணுவை எதிர்க்க முன்கூட்டிப் பழக்கப்படுத்தாத எலியிலிருந்து எடுத்த அணுக்களே அதைக் கொன்றன. அதனால் 'பயிலாக் கொல்லணு' என்று எழுதிப் பார்த்தேன். கேட்க அழகுதான், ஆனால் தவறு. சொந்த உடலின் அடையாளத்தைப் பயின்ற பிறகே இவையும் முழுத்திறன் பெறுகின்றன.

சரி, என் பரிந்துரை 'இயற்கொல்லணு'. கொல்களிறு போலக் 'கொல்லணு' வினைத்தொகை. முன்னால் நிற்பது இயற்பெயரில் வரும் அதே 'இயல்'. 'அணு' என்றால் இயற்பியல் அணுவோடு குழம்பாதா? சிவப்பணு, வெள்ளையணு என்று சொல்லிப் பழகியவர்களுக்குக் குழம்பாது.

அடுத்த சொல்தான் கடினம்: 'மிஸ்ஸிங் செல்ஃப்', அதாவது 'தான்' என்று காட்டும் அடையாளம் காணாமல்போவது. உட்கருவுள்ள ஏறத்தாழ எல்லா உயிரணுவும் எம்எச்சி முதல் வகுப்பு என்னும் அடையாளப் புரதத்தை மேற்பரப்பில் ஏந்தி, உள்ளே உருவாகும் புரதங்களின் துண்டுகளை டி அணுக்கள் என்னும் வேறு நோயெதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டும். உள்ளே புகுந்த சைட்டோமெகலோ வைரஸ், டி அணுவின் கண்ணில் படாமலிருக்க அந்தப் புரதத்தையே சிதைத்துவிடும். அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. இயற்கொல்லணு வந்து தொடும்போது கொல்லாமல் அதைத் தடுக்கும் ஏற்பிகளுக்கு (சைகையைப் பற்றும் மேற்பரப்புப் புரதங்களுக்கு) பற்ற ஒன்றும் கிடைப்பதில்லை. நெருக்கடியில் அந்த உயிரணு வெளியே நீட்டும் வேறு புரதங்கள் தூண்டும் ஏற்பிகளையும் உசுப்பிவிட்டால், தொட்ட இடத்திலேயே அது விடும் பெர்ஃபோரின் என்ற புரதம் துளையிடும், கிரான்சைம் என்ற நொதி உள்ளே போய் உயிரணுவைத் தானே மடியவைக்கும்.

1980-களில் ஆய்வாளர் கிளாஸ் கேரெ இதற்கு வைத்த பெயர்தான் 'மிஸ்ஸிங் செல்ஃப்'. 'தன் குறி' என்று தொடங்கினேன். புணர்த்தினால் 'தற்குறி' ஆகிறது, அது எழுதப் படிக்கத் தெரியாதவரைக் குறிக்கும் சொல்! ஆகவே 'தன்னடையாளம்'. அப்புறம், இன்மையா இழப்பா? சிவப்பணுவிலும் அந்த அடையாளம் அநேகமாகக் கிடையாது, ஆனால் தூண்டும் புரதங்களும் இல்லாததால் இயற்கொல்லணு அதை விட்டுவிடுகிறது. 'இன்மை' என்றால் சிவப்பணுவும் அந்தப் பெயருக்குள் வந்துவிடும். 'தன்னடையாள இழப்பு' என்பது, இருந்து போனதை மட்டும் குறிக்கும்.

இருவகை ஏற்பிகளையும் தடையேற்பி, தூண்டேற்பி எனலாமா? தடையை ஏற்பது என்று இரண்டாம் வேற்றுமையாகப் பிரித்தாலும் இங்கே பொருள் கெடவில்லை. 'தூண்டேற்பி'யில்தான் எனக்கு இன்னும் தயக்கம், நீங்கள் சொல்லுங்கள்.