பிளாஸ்டிக் லைட் சுவிட்சுக்கு எர்த் ஒயர் வேண்டுமா?

கேள்வி: புது வீட்டில் ஒயரிங் நடக்கிறது. சுவிட்ச் பிளாஸ்டிக்தானே, லைட் சுவிட்ச் மட்டும் உள்ள பாக்ஸுக்கு எர்த் வேண்டாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். சுவரில் பதித்திருப்பது இரும்பு பாக்ஸ். விட்டுவிடலாமா அண்ணா?

பதில் 1: விடாதீர்கள். சுவிட்சுக்கு எர்த் தேவையில்லை என்பது சரிதான், அதில் எர்த் மாட்ட இடமே இருக்காது. ஆனால் பாக்ஸ் இரும்பாச்சே. உள்ளே கரண்ட் வரும் பேஸ் ஒயர் கழன்று அதில் பட்டால் பிளேட்டைப் பிடிக்கும் திருகு வரைக்கும் 230 வோல்ட் வந்து நிற்கும், மழையில் சுவர் ஊறியிருந்தால் இன்னும் மோசம். பாக்ஸை ஒழுங்காக எர்த் செய்திருந்தால் எம்சிபியோ ஆர்சிசிபியோ (கோளாறு வந்தால் தானாகக் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்சுகள்) உடனே டிரிப் ஆகிவிடும்.

பதில் 2: பிளாஸ்டிக் பாக்ஸாக இருந்தாலும் எர்த்துக்கான பச்சை ஒயரை இழுத்து, முனையைக் கனெக்டரில் மூடி உள்ளே விடச் சொல்லுங்கள். பின்னால் அங்கே சாக்கெட் வைக்க உதவும்.

கேட்டவர்: சரி. ஒரு பாக்ஸில் சுவிட்சிலிருந்து லைட்டுக்கே பச்சை ஒயர்தான் போகிறது, பரவாயில்லையா?

பதில் 1: கூடவே கூடாது! எர்த் என்று நம்பி யாராவது தொடுவார்கள். இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள்.